மும்பை முஸ்லிம்கள்: ஒரு பெயர், பல ஊர்

மதம் ஒன்றுதான். மொழி, தொழில், சட்டம், சாப்பாடு எல்லாம் வேறு வேறு. கலவரமும் குண்டுவெடிப்பும் ஒரே அச்சில் வார்த்துவிட்ட ஒரு சமூகத்துக்குள், தாராவியிலிருந்து செம்பூர் வரை ஒரு பார்வை.

1960-களின் இறுதியில் பம்பாய்த் தமிழர்களுக்கு லுங்கி கட்டுவதே ஆபத்தாக இருந்தது. 1966 ஜூனில் பிறந்த சிவசேனாவின் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். லுங்கியை விரட்டச் சொல்லிக் கோஷம் போட்டவர்கள், அதைக் கட்டியவன் கோயிலுக்குப் போகிறவனா, பள்ளிவாசலுக்குப் போகிறவனா என்று விசாரிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1992 டிசம்பரில் விசாரித்தார்கள். அதே தெரு, அதே தமிழ், அதே லுங்கி. இம்முறை கேட்கப்பட்டது பெயர். தாராவியில் மூன்று தலைமுறையாக 'மதராஸி'யாக இருந்த திருநெல்வேலிக்காரர், ஒரே இரவில் 'முஸ்லிம்' என்ற பட்டியலுக்கு மாற்றப்பட்டார்.

அந்தப் பட்டியலில் அவரோடு சேர்க்கப்பட்டவர்கள் யார் யார்? கொங்கணி பேசும் ரத்னகிரிக்காரர். கட்ச்சி பேசும் மேமன். குஜராத்தி பேசும் போரா, கோஜா. உருது பேசும் உத்தரப் பிரதேச நெசவாளி. மலையாளம் பேசும் மாப்பிள்ளை. பீகாரிலிருந்து வந்து ஜரிகை வேலை செய்யும் இளைஞர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மும்பைவாசிகளில் ஐந்தில் ஒருவர் முஸ்லிம். ஆனால் அந்த ஐந்தில் ஒருவருக்கும் அடுத்த ஐந்தில் ஒருவருக்கும் தொழுகையைத் தவிரப் பொதுவான விஷயங்கள் குறைவு. அந்தத் தொழுகையிலேயே வித்தியாசங்கள் உண்டு.

தோலோடு வந்தவர்கள்

தாராவியின் கதை தோலில் தொடங்குகிறது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில், துர்நாற்றம் பரப்பும் தொழில்களை நகரத்துக்கு வெளியே தள்ளியது பிரிட்டிஷ் நிர்வாகம். அப்போது நகரத்தின் எல்லையாக இருந்த சதுப்பு நிலம்தான் தாராவி. பக்கத்திலேயே பாந்த்ராவில் இறைச்சிக்கூடம். அங்கிருந்து வரும் தோலை உப்பு தடவி, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரை நீக்கி, பதனிட்டு விற்க ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் வந்து தோல் ஷாப்புகளை அமைத்தார்கள். தொட்டியில் இறங்கி வேலை செய்ய அதே சீமையின் ஆதிதிராவிடர்கள் வந்தார்கள். சாதி இந்துக்கள் தொடத் தயங்கிய தொழில், இரண்டு சமூகங்களை ஒரே ரயிலில் ஏற்றிவிட்டது.

இதை அண்ணன் தம்பி உறவு என்று வர்ணித்துவிட முடியாது. ஒருவர் முதலாளி, மற்றவர் கூலி. ஆனால் இருவருக்கும் மழைக்காலத்தில் ஒரே சேறு, ஊருக்குப் போக ஒரே ரயில், சண்டை போடவும் சமாதானம் பேசவும் ஒரே மொழி. தாராவியின் முதல் மசூதியான படா மசூதி தொடங்கப்பட்டது 1887-ல். மிகப் பழைய கோயிலான பிள்ளையார் கோயில் 1913-ல் கட்டப்பட்டது. தாராவிக்கு எப்படி ஆள் சேர்ந்தது என்பதை இந்த இரண்டு தேதிகளே சொல்லிவிடும்.

அதே 1887-ல் இன்னொரு சம்பவம். காங்கிரஸ் மாநாடு முதல் முறையாகச் சென்னையில் கூடியது. தலைமை தாங்கியவர் பம்பாய் வக்கீல் பத்ருதீன் தயாப்ஜி. காங்கிரசின் முதல் முஸ்லிம் தலைவர் என்று அவரைப் பாடப்புத்தகங்கள் குறிப்பிடும். அவர் சுலைமானி போரா என்ற சிறுபான்மைக்குள் சிறுபான்மையைச் சேர்ந்தவர் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடும். சென்னையில் பேசிய அந்த பாரிஸ்டருக்கும், தாராவிச் சதுப்பில் தொட்டி கட்டிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரருக்கும் மதத்தின் பெயர் ஒன்று. மற்றபடி வர்க்கம், மொழி, பிரிவு எதிலும் ஒட்டு உறவு இல்லை.

தோல் தொழில் பிறகு தாராவியை விட்டு நகர்ந்தது. 1971-ல் இறைச்சிக்கூடம் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. 1980-களில் தோல் ஷாப்புகளையும் அங்கே போகச் சொன்னது அரசு. சில போயின, பல மூடப்பட்டன. மிச்சம் இருப்பது, சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாக நிற்கும் தோல் பை, பெல்ட் கடைகள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் தோலை நம்பியிருக்கவும் இல்லை. பத்திரிகையாளர் கல்பனா சர்மா 2000-ல் தாராவியைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில், 1948-ல் அங்கிருந்து வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் சிக்கி தயாரிப்பாளராக நிலைத்த ஒரு தமிழ் முஸ்லிமின் கதை வருகிறது. ஊரில் கடலை மிட்டாய் என்போமே, அதுதான் சிக்கி.

நண்டு சாப்பிடலாமா?

தமிழ் முஸ்லிம்களே ஒரே வார்ப்பு அல்ல. கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாபி சட்டப் பள்ளியைப் பின்பற்றுபவர்கள். உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனபி. லெப்பைகளில் இரண்டும் உண்டு. வீட்டில் தக்னி உருது பேசும் குடும்பங்கள் தனி. வித்தியாசம் புத்தகத்தில் மட்டும் இல்லை. தொழுகையில் 'ஆமீன்' என்று உரக்கச் சொல்வதா, மனதுக்குள் சொல்வதா என்பதில் வித்தியாசம். மாலை அஸர் தொழுகை தொடங்கும் நேரத்தில் வித்தியாசம். ஏன், சாப்பாட்டுத் தட்டிலேயே வித்தியாசம். ஷாபிகளுக்கு நண்டு தடையில்லை. ஹனபிகளுக்கு மீன் சரி, நண்டு கூடாது. இறால் விஷயத்தில் ஹனபி அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

இந்தக் கணக்கில் தாராவித் தமிழ் மரைக்காயருக்கு நெருங்கிய உறவு, பக்கத்து அறையில் உருது பேசும் ஹனபி அல்ல. மாஹிமில் வாழும் கொங்கணி முஸ்லிம்தான். இருவரும் ஷாபி. இருவரின் மூதாதையரும் அரபிக் கடல் வணிகத்தின் வழியாக இஸ்லாமை அறிந்தவர்கள், படையெடுப்பின் வழியாக அல்ல. தாராவியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மாஹிம் தர்காவில் அடங்கியிருக்கும் மக்தூம் அலி மாஹிமி (1372-1431) ஒரு ஷாபி அறிஞர். குர்ஆனுக்கு அரபியில் விளக்கவுரை எழுதியவர். ஆண்டுதோறும் அவருடைய உரூஸில் முதல் மரியாதை யாருக்குத் தெரியுமா? மும்பை போலீசுக்கு. சீருடை அணிந்த அதிகாரிகள் சந்தனமும் சால்வையும் எடுத்து வர, போலீஸ் பேண்டு முன்னால் போகிறது. காக்கிக்கும் முஸ்லிம் தெருவுக்கும் இடையே சந்தேகம் மட்டுமே உண்டு என்று நினைப்பவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டிய ஊர்வலம்.

வணிகச் சமூகங்களின் கதை இதைவிட விசித்திரம். கட்ச்சி மேமன்கள் சுன்னிகள். ஆனால் நீண்ட காலம் அவர்களுடைய சொத்து வாரிசு விவகாரங்களில் நீதிமன்றங்கள் பின்பற்றியது இந்துச் சட்ட வழக்கத்தை. அவர்கள் முழுமையாக முஸ்லிம் சட்டத்தின் கீழ் வந்தது 1938-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் மூலம்தான். கோஜாக்கள் ஷியா இஸ்மாயிலிகள், ஆகாகானின் சீடர்கள். அவர்கள் யார், அவர்களுடைய பொதுச் சொத்து யாருக்கு என்று 1866-ல் பம்பாய் உயர் நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தாவூதி போராக்களும் இஸ்மாயிலி மரபினரே, ஆனால் வேறு தலைமை. அந்தத் தலைமையை எதிர்த்துச் சீர்திருத்தம் கேட்டு, சமூக விலக்கத்துக்கு ஆளாகி, கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தவர் அஸ்கர் அலி இஞ்சினியர் (1939-2013). வாதம், வழக்கு, கலகம் எல்லாம் உள்ளேயே நடந்துகொண்டிருக்க, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் ஒரே தொப்பி, ஒரே தாடி.

காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறார். இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ராவில் மினாங்கபாவ் மக்களிடையே பரம்பரை நிலமும் வீடும் பெண் வழியில்தான் இறங்குகின்றன. உலகத்தின் மிகப்பெரிய தாய்வழிச் சமூகம் என்று சொல்லப்படும் இவர்கள் முஸ்லிம்கள். ஏறக்குறைய 95 சதவீதம் முஸ்லிம்கள் வாழும் செனகல், 1960 முதல் இருபது ஆண்டுகள் ஒரு கத்தோலிக்கக் கவிஞரை, லெயோபோல்ட் செங்கோரை, அதிபராக வைத்திருந்தது. உலக முஸ்லிம்கள் சுமார் 200 கோடி. அவர்களில் அரபு மொழி பேசுபவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். மிகப்பெரிய முஸ்லிம் நாடு இந்தோனேசியா, சவூதி அரேபியா அல்ல. ஆனால் செய்திகளில் வரும் 'முஸ்லிம் உலகம்' எப்போதும் பாலைவனத்தில்தான் இருக்கிறது.

இரண்டு தமிழர்கள், இரண்டு கணக்கு

மும்பை முஸ்லிம் என்றதும் சினிமா பார்த்து வளர்ந்த தமிழருக்கு நினைவு வருவது கடத்தல். ஹாஜி மஸ்தான் ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளத்துக்காரர். துறைமுகத்தில் கூலியாகத் தொடங்கி, கடத்தலில் கொழித்து, பிறகு அரசியலில் இறங்கி தலித்-முஸ்லிம் கட்சி ஒன்றையும் தொடங்கி, 1994-ல் இறந்தார். அவருடைய சமகாலத்தவர் வரதராஜ முதலியார். தாராவியும் மாட்டுங்காவும் அவருடைய ராஜ்யம். மாட்டுங்காவில் அவர் நடத்திய பிள்ளையார் சதுர்த்திப் பந்தல் பிரசித்தம். 1987-ல் வெளிவந்த 'நாயகன்' படத்துக்குத் தூண்டுதல் அவர்தான் என்பது ஊரறிந்த செய்தி.

இருவரும் தமிழர்கள், இருவரும் சட்டத்துக்கு வெளியே சம்பாதித்தவர்கள். ஆனால் வரதராஜ முதலியாரைப் பற்றிப் பேசும்போது யாரும் இந்து மதத்தை இழுப்பதில்லை. அவர் தனி மனிதர். மஸ்தானைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு சமூகமே கூண்டில் ஏறுகிறது.

இந்தக் கணக்கு ரத்தத்தில் எழுதப்பட்டது 1992-93-ல். டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்ட சில மணி நேரத்தில், தாராவியில் சிவசேனாவினர் சைக்கிளில் வெற்றி ஊர்வலம் விட்டார்கள். முஸ்லிம் பகுதிகள் வழியாக அது போனதை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்திருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் இறந்தவர்கள் 900 பேர் என்கிறது கமிஷனின் அறிக்கை. 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், 5 பிறர், அடையாளம் தெரியாதவர்கள் 45. கமிஷனின் பாதையும் சுலபமாக இல்லை. 1996 ஜனவரியில் சேனா-பாஜக அரசு அதைக் கலைத்தது. நான்கு மாதத்தில் மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. 1998 பிப்ரவரியில் அறிக்கை தரப்பட்டது. சேனா தலைவர்களையும் போலீசையும் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டிய அந்த அறிக்கையை மாநில அரசு ஏற்கவில்லை.

இதன் மறுபக்கத்தை மறைப்பதும் நேர்மையாகாது. 1993 மார்ச் 12 அன்று தாவூத் இப்ராஹிம், டைகர் மேமன் கும்பல் வைத்த தொடர் குண்டுகளில் 257 பேர் செத்தார்கள். 1998 பிப்ரவரியில் கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 பேர். இரண்டுக்கும் முன்னால் கலவரங்கள் நடந்தன. அவை காரணமாகலாம், நியாயம் ஆகாது. ஆனால் குண்டு வைத்தவர்களின் கணக்கு யார் தலையில் எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. தையல் மிஷினில் குனிந்திருந்த பீகாரி இளைஞனும், இட்லி வாங்க வரிசையில் நின்ற தமிழ் முஸ்லிம் பெண்ணும் அதற்கு எந்த விதத்திலும் பங்காளிகள் அல்ல.

2008 நவம்பர் தாக்குதலுக்குப் பிறகு அவர்களுடைய பதில் வெளிப்படையாகவே வந்தது. 166 பேரைக் கொன்ற பயங்கரவாதிகளில் ஒன்பது பேர் பிணமாகக் கிடந்தார்கள். பெரிய அடக்கத்தலத்தை நிர்வகிக்கும் ஜும்மா மசூதி அறக்கட்டளை, அவர்களுக்கு இடம் கிடையாது என்று மறுத்துவிட்டது. முஸ்லிம்களுக்கு இறந்தவரை அடக்கம் செய்வது கடமை. அந்தக் கடமையையே மறுப்பது சாதாரண விஷயம் அல்ல. ஓராண்டுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்த உடல்களை 2010 ஜனவரியில் அரசு ரகசியமாகப் புதைத்தது.

தெருவைக் காத்தவர்கள்

விசைத்தறி நகரமான பிவண்டி 1970-லும் 1984-லும் கலவரங்களில் எரிந்த ஊர். 1988-ல் அங்கே துணை போலீஸ் கமிஷனராக இருந்த சுரேஷ் கோப்டே ஓர் எளிய யோசனை செய்தார். கலவரம் வந்த பிறகு அமைதிக் குழு போடுவதற்குப் பதில், வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரு இந்துக்களும் முஸ்லிம்களும் அடங்கிய மொஹல்லா கமிட்டிகளை அமைத்து, போலீஸ்காரரை அவற்றில் உட்கார வைத்தார். 1992-ல் பம்பாய் எரிந்தபோது, பக்கத்திலிருந்த பிவண்டி எரியவில்லை.

பம்பாய் இந்தப் பாடத்தைத் தாமதமாகப் படித்தது. 1993-க்குப் பிறகு போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, முன்னாள் கமிஷனர் ஜூலியோ ரிபெய்ரோ, சமூக சேவகி சுஷோபா பார்வே ஆகியோர் மொஹல்லா கமிட்டிகளை இங்கே கொண்டுவந்தார்கள். தாராவியில் அதன் முகங்கள் இருவர். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மராட்டியர் பாவ் கோர்டே. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து ரெடிமேட் துணி வியாபாரம் செய்த வகார் கான். நான்கு சிறுவர்களுக்கு இந்து, முஸ்லிம், சீக்கிய, கிறிஸ்தவ மதகுருமார் வேஷம் போட்டு வகார் கான் எடுத்த படம், 'நாம் எல்லோரும் ஒன்று' என்ற வாசகத்தோடு சுவரொட்டியாகித் தாராவியைத் தாண்டி எங்கெங்கோ போனது. தேவனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஆசிரியர்களான அஞ்சலி மொன்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் இருவரின் நட்பை 2003-ல் 'நாத்தா' என்ற ஆவணப்படமாக எடுத்தார்கள்.

சுவரொட்டி ஒட்டினால் கலவரம் நிற்குமா என்று சிரிப்பவர்கள் உண்டு. கமிட்டியின் உண்மையான வேலை சுவரொட்டி அல்ல. பிள்ளையார் ஊர்வலம் மசூதியைக் கடக்கும் நேரம், தொழுகை முடியும் நேரம், எந்தத் தெருவில் எந்த வதந்தி, யாரிடம் பேசினால் அடங்கும் - இவை அத்தனையும் தெரிந்த ஆட்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலையில் இருப்பதுதான் வேலை.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் சீட்டா கேம்ப் இன்னொரு வகை ஒற்றுமைக்குச் சாட்சி. அணுசக்தி நிலையத்தின் விரிவாக்கத்துக்காக ஜனதா காலனியிலிருந்த சுமார் 70,000 பேரை 1976 மே மாதம், எமர்ஜென்சியின்போது, லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் (1947-2018). பின்னாளில் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்றார். தமிழ், மலையாளம், உருது பேசிய அந்த மக்களை ஒன்றாக்கியது மதம் அல்ல, புல்டோசர். நடைபாதையில் வாழும் இந்து, முஸ்லிம் பெண்கள் சேர்ந்து பைகுல்லாவில் உருவாக்கிய 'மகிளா மிலன்' பிறகு அவருடைய இயக்கத்தோடு கைகோத்தது. தினமும் சில்லறை சேமித்து வீட்டுக்குப் பணம் சேர்த்த இந்தப் பெண்களை, 'வாயில்லா முஸ்லிம் பெண்' என்ற சித்திரத்துக்குள் அடைக்க முடியாது.

உள்ளே இருக்கும் ஆதிக்கத்தைக் கேள்வி கேட்பதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. ஹாஜி அலி தர்காவின் சமாதி அறைக்குள் பெண்கள் நுழையத் தடை வந்தபோது, உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலனின் நூர்ஜஹான் சபியா நியாஸும் ஜாகியா சோமனும். 2016 ஆகஸ்டில் ஜெயித்தார்கள். நவம்பரில் பெண்கள் உள்ளே போனார்கள். அதற்கு முன்பே, 2000-களின் தொடக்கத்தில், ஆண்கள் மட்டுமே உட்காரும் ஜமாஅத்துக்கு எதிராகப் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்கியவர் புதுக்கோட்டையின் ஷரீபா கானம். இருவகைப் பெண்களும் வாதாடியது குர்ஆனையும் அரசியல் சட்டத்தையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொண்டு.

கதவு திறக்குமா?

எல்லா வித்தியாசங்களும் ஒரு இடத்தில் செல்லாக்காசாகின்றன: வாடகை வீடு. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தமிழ்க் குடும்பம் தேடும் வீட்டுக்காரரிடம் தமிழ் பேசினால் பாதிக் கதவு திறக்கும். பெயரைச் சொன்னால் அதுவும் மூடிக்கொள்ளலாம். முஸ்லிம்கள் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் படும் சிரமத்தை 2006-ல் சச்சார் கமிட்டியே குறிப்பிட்டது. குறிப்பிட்ட சமூகத்தினருக்கு மட்டும் உறுப்பினர் இடம் என்று விதி வைத்த ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்துக்கு 2005-ல் உச்ச நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1993-க்குப் பிறகு கலந்து வாழ்ந்த பகுதிகளை விட்டு மும்ப்ராவுக்கும் கோவண்டிக்கும் போனவர்கள் விரும்பிப் போகவில்லை. போன பிறகு, 'அவர்கள் தனியாகத்தான் வாழ்வார்கள்' என்ற பழியும் அவர்கள் மேலேயே விழுந்தது.

தாராவி இதற்கு விதிவிலக்காக இருந்தது. ஒழுங்கில்லாத ஊர் என்பதாலேயே கலந்த ஊர். வாசலுக்கு எதிர் வாசல் ஐந்தடி தூரத்தில் இருக்கும்போது யாரையும் முழுவதுமாக அந்நியராக நினைக்க முடியாது. 1992-ல் அந்த ஐந்தடியும் கடக்கப்பட்டது உண்மை. ஆனால் பிறகு பலர் திரும்பி வந்து அதே எதிர் வாசலில் குடியிருந்ததும் உண்மை.

இப்போது அந்தச் சந்துகளே போகப்போகின்றன. தாராவியை மறுநிர்மாணம் செய்யும் டெண்டரை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வேறு எங்கோ. அந்த 'வேறு எங்கோ' பட்டியலில் தேவனார் குப்பைமேடும் இருக்கிறது. தோல் ஷாப்புகளுக்குக் காட்டிய அதே திசை.

சர்வே எடுப்பவர்கள் மதம் கேட்பதில்லை. கேட்பது தேதியும் காகிதமும். ஆனால் பிந்தி வந்தவர்கள் யார், மாடியில் ஒண்டியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால், ஜரிகைக்காரர்களும் தையல்காரர்களும் பிளாஸ்டிக் பிரிப்பவர்களும் அவர்களில் நிறைய இருப்பார்கள். அவர்களில் பெரும்பங்கு உத்தரப் பிரதேச, பீகார் முஸ்லிம்கள். திருநெல்வேலிக்காரர் பழைய ரேஷன் கார்டைக் காட்டித் தப்பலாம். பக்கத்து அறைக்காரர் தப்புவாரா என்பது சந்தேகம். 1992-ல் இருவரையும் ஒரே பட்டியலில் சேர்த்தது வெறுப்பு. இம்முறை காகிதம் அவர்களைப் பிரிக்கிறது. எந்தக் கட்டடத்தில் யாருக்கு எதிரே யார் கதவு வரும் என்பதைக் கட்டட வரைபடம்தான் முடிவு செய்யும். அந்த வரைபடம் வரையும் மேஜையில் மொஹல்லா கமிட்டிக்கு இன்னும் ஒரு நாற்காலி போடப்படவில்லை.